கதவுக்காக நிலையை மாற்றலாமா?

ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010-ல் திறந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-லேயே கார் செய்ய ஆரம்பித்துவிட்டது. கார் கதவுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள சந்தைக்கூட மில்லிமீட்டரில் அளக்கிற ஊர்கள் இவை. ஆனால் பக்கத்தில் இருக்கிற மணிமங்கலத்தில் ஒரு பழைய வீட்டுக்கு வாசல் கதவு வாங்கப் போனால்? தலைவலிதான்!

ரெடிமேட் கதவுகள் பெரும்பாலும் 36-க்கு 78, 36-க்கு 81 அங்குலம் மாதிரி சில அளவுகளில்தான் வரும். வாசல் அளவை 100 மில்லிமீட்டர் மடங்கில் குறிக்கும் ஐ.எஸ். 4021 என்ற இந்தியத் தரமும் இருக்கிறது. ஓட்டு வீட்டுக்கு நிலை செய்த ஆசாரிக்கோ மனையடிக் கணக்கும் கையில் இருந்த மரமும்தான் அளவு. போதாக்குறைக்கு, பின்னால் டைல்ஸ் போடும்போது உயரத்தில் ஒரு அங்குலம் காணாமல் போய்விடுகிறது.

உடனே கிடைக்கும் யோசனை: "நிலையை மாத்திடுங்க." இது தப்பான யோசனை. சுவரில் பதித்த நிலையைப் பெயர்த்தால் பூச்சு உதிரும், மேலே விரிசல் விடும். அதோடு, வீடு கட்டும்போது நல்ல நேரம் பார்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து நிறுத்தியது அந்த நிலை. கடையில் இருக்கும் கதவுக்காக அதைத் தூக்கி எறிவது, செருப்புக்காகக் காலை வெட்டுகிற கதை. கரையான் அரித்திருந்தால் மட்டும் மாற்றலாம்.

பெரிய கதவை வாங்கி அறுக்கலாமே? கால் அங்குலம் இழைக்கலாம், அதற்கு மேல் ஆபத்து. ஃபிளஷ் கதவில் ஓரச் சட்டம் மெல்லியது. அதை அறுத்துவிட்டால் கீல் ஸ்குரூ பிடிக்காது. சின்னக் கதவில் பட்டை ஒட்டினால் வெயிலும் மழையும் படுகிற வாசலில் ஒட்டு விட்டுவிடும். கம்பெனிகளிலிருந்து வரும் பேக்கிங் பைன் மரம் அலமாரிக்குச் சரி, வாசலுக்கு வேண்டாம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் விற்கும் பழைய செட்டிநாட்டுக் கதவு அழகுதான். ஆனால் அதுவும் வேறொரு நிலைக்குச் செய்ததுதானே?

மிச்சம் இருப்பது ஒரே வழி: மரம் வாங்கி ஆசாரியிடம் செய்வது. "அளவு மாறினால் செலவு எகிறும்" என்ற பயம் தேவையில்லை. ஒன்றரை அங்குல கனத்தில் 36-க்கு 78 கதவுக்கு சுமார் 2.4 கன அடி மரம், 40-க்கு 82 என்றால் சுமார் 2.8. கழிவைச் சேர்க்காமல் வித்தியாசம் அரைக் கன அடிகூட இல்லை! உண்மையில் விலையைத் தீர்மானிப்பது மர வகைதான். மியான்மர் 2014-ல் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்தியபின் பர்மா தேக்கு எளிதில் கிடைப்பதில்லை. வேங்கை, பலா, வேம்பு பற்றியும் டிப்போவில் கேட்கலாம். எந்த மரமாக இருந்தாலும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்.

அளவெடுப்பதில்தான் கவனம் வேண்டும். நிலையின் காடிக்குள் அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்திலும், உயரத்தை இரண்டு பக்கத்திலும் பார்த்துச் சிறிய அளவை எடுக்க வேண்டும். இரண்டு மூலைவிட்டமும் சமமாக இல்லாவிட்டால் நிலை கோணல். அதை ஆசாரியிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். பக்கத்துக்கு 3 மில்லிமீட்டராவது சந்து விடுவது அவசியம். மே மாதம் இறுக்கமாகப் பொருத்திய கதவு ஐப்பசி மழையில் ஊறித் திறக்க மறுக்கும். பலர் மறப்பது அடி விளிம்பு. மாட்டும் முன் அங்கேயும் பெயிண்ட் அடிக்க வேண்டும், தண்ணீர் ஏறுவது அங்கேதான்.

தொழிற்சாலை ஒரே அளவில் லட்சம் செய்யட்டும், அது அதன் பலம். இருக்கிற வாசலுக்கு ஏற்ற ஒன்றைச் செய்வது ஆசாரியின் பலம். அந்த வேலையைக் கொடுக்காமலே விட்டால், அடுத்த தலைமுறையில் கோணல் நிலைக்குக் கதவு செய்ய இந்த வட்டாரத்தில் யார் இருப்பார்கள்?