முகப்புப் பலகையில் அணைந்த விளக்கு

இரவிலே வாகனம் செலுத்துவோருக்கு வீதியைக் காட்டும் முன்விளக்குகள் மீதுள்ள அக்கறை, தம் கண்ணெதிரே முகப்புப் பலகையில் மினுங்கும் சின்னஞ்சிறு விளக்குகள் மீது இருப்பதில்லை. முன்விளக்கு ஒன்று அணைந்தால் மறுநாளே கராஜை நாடுகிறோம். வேகமானியின் பின்னால் எரியும் குமிழ் அணைந்தாலோ, “வேகம் எவ்வளவென்று இரைச்சலிலேயே தெரியுந்தானே” என்று சமாதானம் கூறிக்கொண்டு மாதக் கணக்கில் ஓட்டுகிறோம். ஒன்றன்பின் ஒன்றாக அணைந்து பலகை முழுவதும் இருண்ட பின்னரே யோசனை பிறக்கிறது.

பஞ்சிகாவத்தைப் பக்கம் உதிரிப்பாகக் கடையொன்றிற் போய்க் கேட்டால், கடைக்காரர் இரண்டு வகைக் குமிழ்களை எடுத்து மேசைமேல் வைப்பார். ஒன்று பழைய இழைக் குமிழ், மற்றது எல்.ஈ.டி. “ஐயா, இது கனகாலம் எரியும்” என்று இரண்டாவதைச் சிபாரிசு செய்வார். அவர் கூறுவது பொய்யன்று. இரண்டும் ஒரே துளையிற் பொருந்தவுஞ் செய்யும். ஆனால், பொருந்துவன யாவும் ஒரே தொழிலைச் செய்யுமா என்பதையே இவ்வாரம் ஆராய எண்ணுகிறோம்.

இழைக் குமிழ் ஏன் எரிந்துபோகிறது என்பதை முதலில் நோக்குவோம். அதன் உள்ளே வெண்சூடாக ஒளிரும் தங்குதன் இழை சிறிது சிறிதாக ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறத்திற் கரும்படலமாகப் படிகிறது. இழை மெலிந்து, மெலிந்த இடத்திலே ஒருநாள் அறுகிறது. குளிர்ந்த இழையின் தடை மிகக் குறைவாதலால், ஆளியைப் போடும் கணத்திலே மின்னோட்டம் பெருக்கெடுத்துப் பாயும். ஆகவேதான் குமிழ்கள் பெரும்பாலும் விளக்கைப் போடும் அக்கணத்திலே உயிரை விடுகின்றன. பற்றரி 12 வோல்ற்று என்று பெயர் பெற்றாலும், இயந்திரம் ஓடும்போது ஏறத்தாழ 14 வோல்ற்று குமிழுக்குக் கிடைக்கிறது. நமது வீதிகளின் குழிகளும் தம் பங்கைச் செய்யத் தவறுவதில்லை.

புதிய குமிழ் வாங்கும்போது வாற்று அளவைக் கவனித்தல் வேண்டும். அடிப்பகுதி ஒரே அளவாயிருக்க, 3 வாற்றிலும் 5 வாற்றிலும் குமிழ்கள் கிடைக்கின்றன. வெளிச்சம் கூடட்டுமென்று 3 வாற்றுக் குமிழின் இடத்தில் 5 வாற்றுக் குமிழைச் செருகுவோர் பலர். பலகையின் பின்னால் இருப்பவை பிளாஸ்ரிக்குப் பிடிகளும், மெல்லிய படலத்தில் ஓடும் செப்புக் கோடுகளுமேயாம். அவை அந்தச் சூட்டைத் தாங்கா. பிடி உருகும், படலம் கருகும், குமிழுக்குச் செலவிட்ட பணத்தைப்போற் பன்மடங்கு செலவு வந்து சேரும்.

இனி எல்.ஈ.டி.க்கு வருவோம். நம் மாணவ நேயர்கள் விஞ்ஞானப் பாடத்தில் ஒளிகாலும் இருவாயி என்று படிப்பது இதுவே. கண்ணுக்குப் புலப்படும் செவ்வொளியைத் தரும் இருவாயியை அமெரிக்காவிலே நிக் ஹொலொன்யாக் என்பவர் 1962ஆம் ஆண்டிலே செய்து காட்டினார். நீல ஒளி வசப்பட மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. அதைச் சாதித்த அகசாக்கி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டில் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இன்று முகப்புப் பலகைக்கு வரும் வெள்ளை எல்.ஈ.டி. பெரும்பாலும் அந்த நீல ஒளியிலிருந்து பெறப்படுவதே.

இருவாயி மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டுமே செல்லவிடும். ஆதலின், புதிதாகப் போட்ட எல்.ஈ.டி. எரியவில்லையென்று அதனைக் குப்பையில் எறிய வேண்டாம். கழற்றி, மறுபுறம் திருப்பிச் செருகிப் பார்க்க வேண்டும். இன்றும் சில வீடுகளிற் பேணப்படும் மொறிஸ் மைனர் போன்ற வண்டிகளுக்கு ஒரு விசேடமுண்டு. அவை செய்யப்பட்ட காலத்திற் பற்றரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. திருகிப் பூட்டும் அச்சிறு குமிழின் இடத்தில் இக்காலத்து எல்.ஈ.டி.யைத் திருகினால், திசை மாறியிருப்பதால் அது எரியாது. திருப்பிப் போடவும் வழியில்லை. இரு திசைக்கும் இசைந்ததாகப் பார்த்து வாங்குதல் வேண்டும்.

வேகமானிக்கும் எரிபொருள்மானிக்கும் வெளிச்சம் தருவதற்கு எல்.ஈ.டி. நல்லதே. சூடு குறைவு, மின்செலவு குறைவு, அதிர்வையும் தாங்கும். எனினும் இழைக் குமிழ் நாற்புறமும் ஒளியைப் பரப்ப, எல்.ஈ.டி. பெரும்பாலும் தான் நோக்கிய திசையிலேயே ஒளியைச் செலுத்துவதால், பலகையில் ஓரிடம் பளிச்சென்றும் வேறோரிடம் மங்கியும் தோன்றலாம். பக்கவாட்டிலும் ஒளி விடும் வகையைத் தேர்ந்தால் இக்குறை பெரிதும் தீரும். பல வண்டிகளிற் பலகையின் பச்சை நிறம் குமிழால் வருவதன்று. அதன்மேலுள்ள நிறத்தாளால் வருவது. அங்கே நீல எல்.ஈ.டி.யைப் போட்டால் இருளே மிஞ்சும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பழைய திருகாணியும் எல்.ஈ.டி.க்கு அவ்வளவாகப் பணியாது. இரவெல்லாம் கண்ணெதிரே கூசும் வெண்ணீல ஒளியை வைத்துக்கொண்டு யாழ்ப்பாணம் வரை ஓட்டிச் செல்வது இளைஞருக்கு அழகாகத் தோன்றலாம். ஐம்பதைத் தாண்டிய கண்கள் அதை விரும்பமாட்டா.

இதுவரை கூறியவை வசதியைப் பற்றியன. எச்சரிக்கை விளக்குகளின் கதை வேறு. எண்ணெய் அமுக்கம் குறைந்தால் எரிய வேண்டிய சிவப்பு விளக்கின் குமிழ் முன்னரே எரிந்துபோயிருப்பின், எண்ணெய் வற்றிய இயந்திரம் சத்தமிட்டு இறுகும்வரை சாரதிக்கு ஒன்றுந் தெரியாது. இதனிலும் நுட்பமானது, பற்றரியின் உருவம் பொறித்த மின்னேற்ற விளக்கு. இதை வெறும் அறிவிப்பு விளக்கென்றே பலரும் எண்ணுகின்றனர். பல வாகனங்களில் அது மின்பிறப்பாக்கியின் ஓர் உறுப்பு என்றே கூறலாம்.

சாவியைத் திருப்பியதும் பற்றரியிலிருந்து புறப்படும் சிறிதளவு மின்னோட்டம் இக்குமிழின் ஊடாகச் சென்று, ஒல்டர்னேற்றரின் உள்ளே சுழலும் சுருளைக் காந்தமாக்குகிறது. விளக்கு எரிகிறது. இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அக்காந்தம் சுழன்று மின்னைப் பிறப்பிக்கிறது. அப்பொழுது குமிழின் இருபுறமும் ஒரே அழுத்தம் நிலவுவதால் விளக்கு அணைகிறது. குமிழ் எரிந்துபோயிருந்தால் அந்த முதல் மின்னோட்டத்துக்கு வழியில்லை. காந்தம் ஏறாது, பற்றரிக்கு மின் சேராது, எச்சரிக்க வேண்டிய விளக்கும் செத்துக் கிடப்பதால் யாரும் அறியார். காவற்காரன் இல்லாத வீடு என்பதோடு நில்லாமல், காவற்காரனே சாவியையும் கொண்டு போய்விட்ட வீடு இது.

அந்த இடத்தில் எல்.ஈ.டி.யைப் போட்டால் என்ன நிகழும்? 2.2 வாற்றுக் குமிழ் 12 வோல்ற்றில் ஏறத்தாழ 0.18 அம்பியரை விடும். எல்.ஈ.டி. சாதாரணமாக 0.02 அம்பியர் அளவையே விடும். ஒன்பதில் ஒரு பங்கு! லூக்காஸ் ஏ.சி.ஆர். போன்ற பழைய ஒல்டர்னேற்றர்களுக்கு இது போதாது. இயந்திரத்தை நன்றாக முறுக்கினாலன்றி மின்னேற்றம் தொடங்காது. சில வேளை தொடங்காமலே போகும். ஆகவே அவ்விடத்தில், அமைப்பாளர் குறித்த அதே வாற்று இழைக் குமிழையே போடுமாறு கூறுவோம். எல்.ஈ.டி.தான் வேண்டுமென்று பிடிவாதம் பிடிப்போர், 68 ஓம், 5 வாற்றுத் தடையி ஒன்றை அதற்குச் சமாந்தரமாக இணைத்துக்கொள்ளலாம். மொறிஸ் மைனரில் உள்ள தைனமோவுக்கு இவ்விடர் இல்லை. அதன் இரும்பிலே எஞ்சிநிற்கும் காந்தமே தொடக்கத்துக்குப் போதும். பிற்காலத்து வாகனங்கள் பலவும் இவ்விளக்கை நம்பியிருப்பவையல்ல. உமது வண்டி எவ்வகையென்று தெரியாவிடின் இழைக் குமிழே பத்திரமானது.

இடம் வலம் இரண்டுக்கும் பொதுவாக ஒரே சைகை விளக்கைக் கொண்ட சில மோட்டார் சைக்கிள்களிலும் இத்தகைய சிக்கல் உண்டு. அங்கே மின்னோட்டம் ஒருமுறை ஒரு திசையிலும் மறுமுறை எதிர்த்திசையிலும் பாயும். சாதாரண எல்.ஈ.டி. ஒரு பக்கத்துக்குக் கண் சிமிட்டும். மறு பக்கத்துக்கு மௌனம் சாதிக்கும்.

வேலையை வீட்டிலேயே செய்ய விரும்புவோர் முதலிற் பற்றரியின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். பலகையை இழுக்குமுன், பின்னாலுள்ள வேகமானி வடத்தின் கொளுவியை விடுவித்தல் வேண்டும். குமிழ்ப் பிடியைக் காற்சுற்றுத் திருப்பினால் அது கையோடு வந்துவிடும். முட்களைத் தொடுதல் ஆகாது. செலுத்து சில்லைக் கழற்ற நேருமாயின், காற்றுப்பை உள்ள வண்டிகளில் அதை அனுபவமுள்ள கராஜ்காரரிடமே விட்டுவிடுக.

எல்லாவற்றையும் பூட்டிய பின் இயந்திரத்தை இயக்காமற் சாவியை மட்டும் திருப்பிப் பாருங்கள். எண்ணெய் விளக்கும் பற்றரி விளக்கும் எரிய வேண்டும். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் இரண்டும் அணைய வேண்டும். சாவியைத் திருப்பியபோதே இவ்விரண்டில் ஒன்று எரியாவிட்டால், பயணத்தை அடுத்த நாளுக்கு ஒத்திவைத்து, மீண்டும் பலகையைக் கழற்றுங்கள்.