மீண்டும் அழைக்கிறார்கள்: போவதா, நிற்பதா?

சில மாதங்களாக நாம் ஆய்வுக்குச் செல்லும் சங்கங்களிலெல்லாம், கணக்கேடுகளைப் பார்த்து முடித்து எழும் நேரத்தில், அங்கத்தினர்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "வேலையில்லையென்று அனுப்பின கம்பெனியே இப்போது திரும்பக் கூப்பிடுகிறதுங்க, போகலாங்களா, வேண்டாங்களா?" என்பதே அது. பயிர்க்கடனைப் பற்றியோ நூல் வரத்தைப் பற்றியோ கேட்டால் நின்றபடியே விடை கூறிவிடலாம். இக்கேள்விக்கு அவ்விதம் கூற இயலவில்லை. ஆகவே இவ்விதழில் சற்று விரிவாக எழுதத் துணிந்தோம்.

ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களின் ஊர்களில் ஒரே வீட்டில் தறியும் உண்டு, காடும் உண்டு, பனியன் கம்பெனிக்குப் போகும் பிள்ளையும் உண்டு. தறிக் கூலி தாமதித்தால் கம்பெனியின் சனிக்கிழமைச் சம்பளம் அடுப்பெரிக்கும். கம்பெனி நின்றால் தறி தாங்கும். 2025 ஆகஸ்டு 7 முதல் அமெரிக்க அரசாங்கம் இந்தியச் சரக்குகளின்மீது 25 விழுக்காடு கூடுதல் வரி விதித்து, அம்மாதம் 27 முதல் அதை 50 விழுக்காடாக உயர்த்தியபோது, திருப்பூரிலிருந்து அந்நாட்டிற்குச் செல்லும் ஆடைகளின் ஆர்டர்கள் பல நின்றன, பல ஒத்திவைக்கப்பட்டன. ஒன்றரை ஷிப்டு ஓடிய இடத்தில் ஒரு ஷிப்டாயிற்று. பிறகு வாரத்தில் சில நாள் என்றாயிற்று. முடிவில், விடியலில் ஊர் எல்லைக்கு வந்துகொண்டிருந்த கம்பெனி வேன் சில ஊர்களுக்கு வராமலே போயிற்று. 2020 மார்ச்சு 25ஆம் நாள் ஊரடங்கு வந்தபோதும், 2022இல் 356 கிலோ கொண்ட பருத்திக் கண்டி ஒன்றின் விலை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபோதும் நம்மவர்கள் பட்ட துன்பமே மீண்டும் ஒரு முறை வந்தது.

சென்னிமலைப் பக்கத்தில் நாம் பார்க்கும் நெசவாளர் சங்கமொன்றில் மூத்த அங்கத்தினர் ஒருவர் இருக்கிறார். அவருடைய மகள் 2019 ஜனவரியில் திருப்பூரில் ஒரு கம்பெனியில் டெய்லராகச் சேர்ந்து, 2025 செப்டம்பரில் வீட்டிற்கு அனுப்பப்பட்டாள். ஆறு ஆண்டு எட்டு மாதம். அனுப்பும் நாளில், "இதில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போம்மா, ஆர்டர் வந்ததும் முதலில் உன்னைத்தான் கூப்பிடுவோம்" என்று ஒரு தாளை நீட்டியிருக்கிறார்கள். அவளும் கையெழுத்திட்டாள். அதன்பின் தந்தையின் இரண்டாம் தறியில் அமர்ந்து படுக்கை விரிப்பு நெய்து வந்தாள். தை பிறந்ததும் சூப்பர்வைசரிடமிருந்து தொலைபேசி வந்தது. தந்தைக்குப் போகட்டும் என்று எண்ணம். வீட்டுக் கடன் இருக்கிறது. மகளுக்கோ மனமில்லை. "அன்றைக்கு ஒரு வார்த்தை ஆறுதலாய்ச் சொல்லவில்லையே, இன்றைக்கு எந்த முகத்தோடு கூப்பிடுகிறார்கள்?" என்றாள்.

இத்தகைய நேரத்தில் ஊரார் கூறும் ஆலோசனை இரு வகையாக இருக்கக் காண்கிறோம். ஒரு சாரார் மானத்தைப் பேசுவர். வேண்டாமென்று தள்ளியவன் வாசலை மிதிக்கலாகாது என்பர். மற்றொரு சாரார் உப்பிட்டவரை நினைக்கச் சொல்லுவர். ஆறாண்டு சோறு போட்ட இடமல்லவா என்பர். இரண்டும் நல்ல குணங்களே. ஆயினும் இக்காரியத்தை நிறுப்பதற்கு இவ்விரண்டுமே ஏற்ற தராசல்ல என்பது நம் அபிப்பிராயம். கம்பெனி அவளை அனுப்பியது பகைமையால் அன்று. அழைப்பது அன்பினாலும் அன்று. ஆர்டர் போயிற்று, அனுப்பினார்கள். ஆர்டர் வந்தது, கூப்பிடுகிறார்கள். கணக்கினால் செய்த காரியத்திற்குக் கணக்கினால்தான் விடை கூறவேண்டும்.

இதை நாம் ஏட்டிலிருந்து சொல்லவில்லை. வணிகவியலில் பட்டம் பெற்ற புதிதில் நாமும் ஒரு நூற்பாலையின் அலுவலகத்தில் வேலை பார்த்தோம். 2012இல் தமிழ்நாடெங்கும் கடுமையான மின்வெட்டு இருந்ததை அங்கத்தினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆலை ஷிப்டுகளைக் குறைத்தது, ஆட்களையும் குறைத்தது, நம்மையும் அனுப்பியது. மறு ஆண்டு மேலாளரே தொலைபேசியில் அழைத்தார். நம்மைத் தேடி அழைக்கிறார்களே என்ற பெருமிதத்தில், எந்த நிபந்தனையும் கேளாமல் மறுநாள் காலையிலேயே போய் நின்றோம். முதல் மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்தபோதுதான், புதிதாய்ச் சேர்ந்தவனுக்குரிய தொகை அதில் இருந்தது தெரிந்தது. கேட்டோம். "நீங்கள்தான் ராஜினாமா எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே" என்று கோப்பைத் திறந்து காட்டினார்கள். நம் கையெழுத்தேதான். அந்த மேலாளர் கெட்டவரல்லர். இன்றும் வழியில் கண்டால் நலம் விசாரிப்பவர். அங்கே மேலும் பதினான்கு மாதம் வேலை செய்தோம். அந்தச் சம்பளத்தில்தான் நம் சகோதரியின் திருமணக் கடன் அடைந்தது. ஆகையால் திரும்பிப் போனது தவறென்று சொல்லமாட்டோம். கேளாமல் போனதே தவறு.

ஆகவே அந்த அங்கத்தினரின் மகளுக்கு நாம் கூறியது இதுதான்: பழைய கணக்கை முழுவதும் தீர்த்து வாங்கிக்கொண்டு புதிய ஆளாகப் போகலாம், அல்லது பழைய கணக்கு அறுபடாமல், சேர்ந்த தேதி மாறாமல், பழைய ஆளாகப் போகலாம். இரண்டிலும் நியாயம் உண்டு. பழைய பாக்கியும் வராமல், பழைய பணிக்காலமும் சேராமல், ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்ற நிலையில் மட்டும் போகவேண்டாம்.

பழைய கணக்கு என்பது எவ்வளவு பெரிது என்பதை நம்மவர்களில் பலர் அறிவதில்லை. ஐந்தாண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்குப் பணிக்கொடை உண்டு. தாமாகவே ராஜினாமாச் செய்தாலும் உண்டு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து கடைசி மாதத்தில் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் ஓராண்டுக்குரிய தொகை வரும். ஆறு மாதத்திற்கு மேற்பட்ட மிச்சம் முழு ஆண்டாகக் கொள்ளப்படுமாதலால், ஆறு ஆண்டு எட்டு மாதம் என்பது 7 ஆண்டாகும். மொத்தம் 48,461 ரூபாய். வீட்டுக் கடன் இருக்கிறதென்று கவலைப்பட்ட தந்தைக்கு இத்தொகை வரவேண்டியிருப்பதே தெரியாது! ஊரடங்கில் ஆலை மூடியிருந்த நாள்களைக் காட்டித் தொடர்ச்சி அறுந்ததென்று யாரேனும் கூறினால் நம்பவேண்டியதில்லை. தொழிலாளியின் குற்றமின்றி வேலை நின்ற காலம் தொடர்ச்சியைக் கெடுப்பதில்லை. போனஸும் அவ்வாறே. அவ்வாண்டில் 30 நாளேனும் வேலை செய்து, போனசுக்குரிய சம்பள வரம்பிற்குள் இருப்பவருக்குக் குறைந்த அளவான 8.33 விழுக்காடு சேரவேண்டும். தீபாவளிக்கு முன் அனுப்பப்பட்டார் என்பது அதை மறுக்கக் காரணமாகாது.

அடுத்து, அந்தத் தாள். தாற்காலிகமாக வேலை நிறுத்திவைப்பது வேறு, ஆட்குறைப்பு வேறு, ராஜினாமா வேறு. அவள் வெளியேறிய நாளில் நடப்பிலிருந்த 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டப்படி, ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவரை ஆட்குறைப்புச் செய்தால் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்குரிய சம்பளமோ கொடுக்கவேண்டும். அதனோடு ஆண்டொன்றுக்கு 15 நாள் சம்பளம் இழப்பீடாகவும் தரவேண்டும். மீண்டும் ஆள் எடுக்கும்போது அவருக்கே முன்னுரிமையும் உண்டு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும் இம்முன்னுரிமை இருக்கிறது. ஆனால் ஆட்குறைப்புச் செய்த ஓராண்டுக்குள் ஆள் எடுத்தால்தான் என்று வரையறுத்துவிட்டார்கள். ராஜினாமாத் தாளில் கையெழுத்திட்டவருக்கோ ஆட்குறைப்பு இழப்பீடும் முன்னுரிமையும் சேர்ந்தே போய்விடுகின்றன. அவளைப்போல் ஆறாண்டுக்கு மேல் உழைத்தவருக்கு இழப்பீடு மட்டுமே பணிக்கொடைக்கு ஏறத்தாழ நிகராகும். ஒரு கையெழுத்தின் விலை அது. அத்தாளின் நகலாவது அவளிடம் இருக்கிறதா என்று கேட்டோம். இல்லை. தொழிலாளர் துறை அலுவலகத்தில் முறையிடலாம் என்றோம். அவ்வழி நெடியது, அவள் விரும்பவுமில்லை. நாமும் வற்புறுத்தவில்லை.

வைப்பு நிதியைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். வேலை போனவுடன், கைச்செலவுக்கென்று அந்தப் பணத்தை எடுத்துவிடும் வழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. பசிக்கு எடுப்பவரை நாம் குறை கூறவில்லை. ஆனால் அதில் ஓய்வூதியப் பங்கு என்று ஒன்று தனியே இருக்கிறது. 10 ஆண்டு பணிக்காலம் சேர்ந்தால்தான் 58ஆம் வயதில் மாத ஓய்வூதியம் கிடைக்கும். இடையில் அப்பங்கை எடுத்தவருக்கு அதுவரை சேர்ந்த ஆண்டுகள் அழிந்துபோகும். மீண்டும் வேலைக்குப் போனால் முதலாம் ஆண்டிலிருந்துதான் எண்ணவேண்டும். நாம் 2012இல் அவ்விதம் எடுத்துத் தொலைத்தவர்களில் ஒருவர். மீண்டும் சேரும் எவரும் பழைய பன்னிரண்டு இலக்கக் கணக்கு எண்ணையே கொடுக்கவேண்டும். புதிய எண் போடுகிறோம் என்று சொன்னால் ஒப்பலாகாது. ஈ.எஸ்.ஐ. பலன்கள் எல்லாமே சேர்ந்த அன்றே பழையபடி ஆகிவிடும் என்று எண்ணவேண்டாம். நோய்க்காலப் பணம் பெறுவதற்கு ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாள் சந்தா சேர்ந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. கூப்பிடுவது யார்? கம்பெனியா, கான்ட்ராக்டரா? இப்போது வரும் அழைப்புகள் சிலவற்றில் கட்டடம் அதே கட்டடம், மெஷின் அதே மெஷின், சூப்பர்வைசரும் அவரே. ஆனால் சம்பளம் கொடுப்பவர் மட்டும் வேறொருவராக இருக்கிறார். அப்படியானால் அது பழைய முதலாளியிடம் திரும்புவதே ஆகாது. பழைய பெயரில் புதிய இடம். பீஸ் கணக்கில் சில ரூபாய் கூடுதலாகக் காட்டுவர். வைப்பு நிதி, பணிக்கொடை, போனஸ் ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தால் கூடுதல் எங்கே என்று தேடவேண்டியிருக்கும். முன்பணம் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அதையும் ஐயத்தோடு பார்க்கவேண்டும். கைத்தறியில் மாஸ்டர் வீவரிடம் முன்பணம் வாங்கி, அவர் பாவு தராத நாளிலும் வேறிடம் போகமுடியாமல் தவித்த முன்னோர்களின் கதையை நாம் யாருக்கும் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை.

இவ்வளவும் முதலாளியைப் பற்றி. நம் சங்கங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் நியாயமாகாது. "நூல் வரவில்லை, அடுத்த வாரம் வாருங்கள்" என்று சங்கத்து ஜன்னலில் சொல்லும் சொல்லும் வேலை நிறுத்திவைப்பே. அதற்கு இழப்பீடும் கிடையாது. அந்தப் பெண் நான்கு மாதம் தறியில் அமர்ந்திருந்தபோது இரண்டு முறை பாவுக்காகக் காத்திருந்தாள். ஒரு முறை ஒன்பது நாள். நிர்வாகக் குழுவினரிடம் கேட்டோம். கிட்டங்கியில் சரக்குத் தேங்கியிருக்கிறது, பணம் வரவில்லை என்றார்கள். அது மெய்தான். ஆனால் அவள் கம்பெனிக்குத் திரும்பினால் "சங்கத்திற்கு விசுவாசமில்லை" என்று பேசும் உரிமை நமக்கு இல்லை என்பதும் மெய்யே. சங்கத்தால் செய்யக்கூடியது ஒன்றுண்டு. கூலியில் ரூபாய்க்கு 8 பைசா அங்கத்தினரும் 4 பைசா அரசும் செலுத்தும் சேமிப்பு, பாதுகாப்புத் திட்டக் கணக்கு ஒவ்வொரு நெசவாளருக்கும் உண்டு. வீட்டில் ஒருவர் வேலைக்குப் போனாலும், தறியை அவிழ்த்துவிடாமல் மற்றவர் நெய்து கணக்கை உயிரோடு வைத்திருப்பதற்கு ஏற்றபடி பாவு பிரித்துக் கொடுக்கலாம். வேலைக்குப் போகிறவர் தறியை விற்றுவிட்டுப் போவதுதான் நமக்கு அச்சம். அடுத்த முறை வேன் நின்றால் உட்கார இடமிராது.

விவசாய அங்கத்தினர்களுக்கும் இதே யோசனைதான். மகன் கம்பெனிக்குத் திரும்புகிறான் என்பதற்காகக் காட்டைக் குத்தகைக்கு விடுவோர், முதலில் ஓராண்டுக்கு மட்டும் விடட்டும்.

அந்தப் பெண்ணின் காரியம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். நம் எதிரிலேயே ஒரு வெள்ளைத் தாளில் எழுதினாள்: சேர்ந்த தேதி 2019 ஜனவரி என்று பதிவு செய்து கம்பெனிச் சீட்டிலேயே எடுத்துக்கொண்டால் வருகிறேன், இயலாதெனில் பணிக்கொடையையும் போனசையும் கொடுத்துவிடுங்கள், புதிதாகச் சேர்வதைப் பற்றிப் பிறகு பேசலாம். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். பத்து நாள் கழித்துச் சூப்பர்வைசர் கூப்பிட்டு, "என்னம்மா, வக்கீலைப் பார்த்தாயா?" என்று கேட்டாராம். "இல்லைங்க அண்ணா, கணக்குத்தான் பார்த்தேன்" என்றாளாம். சேர்ந்த தேதிக்கு ஒப்பவில்லை. பணிக்கொடையை இரண்டு தவணையில் தருவதாகச் சொல்லி, முதல் தவணை வங்கியில் ஏறியிருக்கிறது. இரண்டாவதும் வந்தபின் போவதா வேண்டாமா என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. இதற்கிடையில் வேறொரு கம்பெனியிலும் விசாரித்திருக்கிறாள்.

இவ்வாறு அழைப்பு வந்த அங்கத்தினர் வீட்டார், கையெழுத்திட்டுத் திரும்பிச் சேர்வதற்கு முன், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வைப்பு நிதி எண், ஈ.எஸ்.ஐ. அட்டை, கம்பெனி கொடுத்த தாள் ஏதேனும் இருப்பின் அதன் நகல் ஆகியவற்றுடன் நாம் ஆய்வுக்கு வரும் நாளில் சங்க அலுவலகத்திற்கு வரலாம். கணக்கை உட்கார்ந்து பார்ப்போம்.