தாய்வீட்டுக்குச் சென்ற முதல் மோட்டார் வண்டி

ஜெர்மனி நாட்டில், நெக்கர் ஆற்றின் கரையில், லாடன்பர்க் என்னும் சிறு நகரம் அமைந்துள்ளது. மோட்டார் வண்டியைப் படைத்தளித்த கார்ல் பென்ஸ் தம் முதுமைக் காலத்தைக் கழித்த ஊர் அது. அவர் தம் மக்களோடு நடத்திய பழைய தொழிற்சாலைக் கட்டடமே இன்று மோட்டார் அருங்காட்சியகமாக விளங்குகிறது. அங்குள்ள வண்டிகளுக்கெல்லாம் மூதாதையாகிய மூன்று சக்கர வண்டியைப் பற்றியே இம்மாதம் வாசகர்களுக்குச் சொல்ல விழைகிறோம்.

கார்ல் பென்ஸ் செய்த முதல் வண்டி மியூனிக் நகரிலுள்ள ஜெர்மன் அருங்காட்சியகத்தின் உடைமையாக இருக்கிறது. அதைப் பார்த்துச் செய்த வண்டிகளைப் பல காட்சிக்கூடங்களில் காணலாம். குதிரை வண்டியின் இருக்கை, மிதிவண்டியின் சக்கரங்களைப் போன்ற மெல்லிய சக்கரங்கள், பின்புறம் கிடையாகச் சுழலும் பெரிய இரும்பு வளையம் ஆகியவை அதன் உறுப்புகள். கூரை கிடையாது, திருப்புவதற்கு வட்டமான ஸ்டியரிங் கிடையாது, ஒரு கைப்பிடி மட்டுமே உண்டு. அதன் எஞ்சினின் ஆற்றல் ஒரு குதிரைத் திறனுக்கும் குறைவு. வேகம் மணிக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர். 1886ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் இதற்காகக் காப்புரிமை கோரப்பட்டது. 37435 என்ற எண் கொண்ட அந்தக் காப்புரிமை ஆவணத்தை 2011ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

அந்த ஆவணத்தில் கார்ல் பென்ஸின் மனைவியின் பெயர் இடம்பெறவில்லை. ஆயினும் அந்த வண்டியின் வரலாற்றை அவருடைய மனைவி பெர்த்தாவை விட்டுவிட்டுச் சொல்ல இயலாது.

பெர்த்தா 1849ஆம் ஆண்டு ஃபோர்ஸ்ஹைம் நகரில் பிறந்தவர். அவர் பிறந்தபோது, "இதுவும் பெண்தானா!" என்னும் ஏக்கம் தொனிக்க, அவருடைய தந்தை குடும்ப விவிலியத்தில் எழுதிவைத்தார் என்று சொல்லப்படுகிறது. வளர்ந்த பிறகு அந்தப் பெண் செய்தது என்ன? மணம் பேசப்பட்டிருந்த கார்ல் பென்ஸின் பட்டறை, கூட்டாளியோடு ஏற்பட்ட பூசலால் மூழ்கும் நிலைக்கு வந்தபோது, தமக்குரிய சீதனப் பணத்தைத் திருமணத்திற்கு முன்பே பெற்றுத் தந்து அதைக் காப்பாற்றினார். 1872ஆம் ஆண்டு இருவருக்கும் திருமணம் நடைபெற்றது.

வண்டி உருவாயிற்று, வாங்குவோர்தாம் முன்வரவில்லை. குதிரையில்லாமல் ஓடும் வண்டியை மக்கள் ஐயத்தோடு பார்த்தனர். கணவரோ இன்னும் திருத்த வேண்டும், இன்னும் சோதிக்க வேண்டும் என்று தயங்கிக்கொண்டிருந்தார்.

1888ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள், விடியற்காலையில், கணவரிடம் சொல்லாமலே பெர்த்தா மன்ஹைம் நகரிலிருந்து அவ்வண்டியில் புறப்பட்டார். 15 வயதான ஆய்கன், 13 வயதான ரிச்சர்டு என்னும் இரு புதல்வரும் உடன் சென்றனர். அவர்கள் சென்றது ஃபோர்ஸ்ஹைமிலிருந்த அவருடைய தாய்வீட்டுக்கு. வழியின் தொலைவு 100 கிலோமீட்டருக்கும் சற்று அதிகம். அதற்கு முன் எந்த மோட்டார் வண்டியும் அவ்வளவு தூரம் சென்றதில்லை.

வழியில் எரிபொருள் தீர்ந்தது. பெட்ரோல் நிலையம் என்ற சொல்லே பிறவாத காலம் அது. வீஸ்லோக் என்னும் ஊரின் மருந்துக்கடையில், துணிக்கறை நீக்க விற்கப்பட்ட லிக்ராயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் செருகியிருந்த நீண்ட ஊசியால் அடைப்பை நீக்கினார். மின்கம்பி பழுதுற்றபோது காலுறையைப் பிடித்து நிறுத்தும் பட்டையைச் சுற்றிச் சரிசெய்தார். சங்கிலியைக் கொல்லர் ஒருவர் செப்பனிட்டார். மேடுகளில் எஞ்சின் திணறிற்று. பிள்ளைகள் இறங்கித் தள்ளினர். இறக்கங்களில் பிரேக்கின் மரக்கட்டைகள் தேய்ந்தன. செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரைக் கொண்டு அவற்றின்மேல் தோலை அறைந்துகொண்டார். பொழுது சாயும் வேளையில் தாய்வீட்டை அடைந்து, கணவருக்குத் தந்தி கொடுத்தார்.

இது வெறும் துணிச்சல் விளையாட்டு அன்று. மேடு ஏறுவதற்கு மேலும் ஒரு கியர் வேண்டும், பிரேக்குக்குத் தோலுறை வேண்டும் என்பவை பட்டறையில் தெரியவில்லை; பாதையில்தான் தெரிந்தன. பெர்த்தா கண்டு சொன்ன குறைகளைக் கணவர் ஏற்றுத் திருத்தினார். 1894ஆம் ஆண்டில் வந்த வேலோ என்னும் அவரது சிறு வண்டி ஏறத்தாழ 1,200 அளவில் செய்யப்பட்டது.

கார்ல் பென்ஸ் 1929இல் மறைந்தார்; பெர்த்தா 1944ஆம் ஆண்டு மே 5ஆம் நாள், தம் 95ஆம் வயதில், லாடன்பர்க்கில் உயிர்நீத்தார். தம் கடின நாட்களில் உறுதியாக உடன் நின்றவர் மனைவியே என்று கார்ல் பென்ஸ் தம் வாழ்க்கை வரலாற்று நூலில் நன்றியோடு குறித்துள்ளார். 2008ஆம் ஆண்டு முதல் அந்தப் பயண வழி பெர்த்தாவின் பெயரால் நினைவுப் பாதையாகப் போற்றப்படுகிறது.

பெற்றோரே, காரைப் படைத்தவர் யார் என்று உங்கள் பிள்ளைகள் கேட்டால் கார்ல் பென்ஸின் பெயரைச் சொல்லுங்கள். அதனோடு நிறுத்திவிடாமல், அதை முதன்முதலில் நம்பி நெடுஞ்சாலையில் செலுத்திய தாயின் பெயரையும் சொல்லுங்கள். உங்கள் இல்லத்திலும் பெண் குழந்தை இருந்தால், அவள் அருகில் இருக்கும்போதே சொல்லுங்கள்.