எந்தப் பக்கம் படுப்பது?



எட்டு மாதக் கர்ப்பிணியான சகோதரி ஒருவர், "இரவில் நெஞ்செரிச்சல் தாள முடியவில்லை. இடப்புறமாகப் படுக்கும்படி டாக்டர் கூறுகிறார். மாமியோ, அது சுன்னத்துக்கு மாற்றமானது என்கிறார்கள். நான் என்ன செய்வது?" என்று கேட்டுள்ளார். பல இல்லங்களில் எழக்கூடிய ஐயம் இது.

படுக்கைக்குச் செல்லுமுன் தொழுகைக்குச் செய்வதுபோல் ஒளூச் செய்து, வலப்புறமாகச் சாய்ந்து படுக்குமாறு பராஉ இப்னு ஆஸிப் (ரலி) அவர்களுக்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கற்றுக் கொடுத்தார்கள். புகாரி ஷரீபில் உள்ள இந்நபிமொழி, உறக்கத்தைத் தொடங்கும் முறையை நமக்கு உணர்த்துகிறது. உறங்கிய பின் உடல் தானாகவே பலமுறை புரளும். அதற்காக எவரும் கவலைகொள்ள வேண்டியதில்லை.

ஒருக்களித்துப் படுப்பதன் நன்மையை மருத்துவமும் ஒப்புகிறது. மல்லாந்து படுக்கும்போது நாக்கின் அடிப்பகுதி பின்சரிந்து மூச்சுப் பாதை குறுகுகிறது, குறட்டை மிகுகிறது. நாயகம் (ஸல்) அவர்கள் வெறுத்த குப்புறப் படுக்கையிலோ, கழுத்து நெடுநேரம் ஒரே பக்கம் திரும்பியிருப்பதால் வலி காண்கிறது. ஒருக்களித்துப் படுப்போருக்குத் தலையணை, தோளுக்கும் காதுக்கும் இடைப்பட்ட வெளியை நிரப்பும் உயரத்தில் இருக்க வேண்டும். முழங்கால்களுக்கிடையே சிறு தலையணை வைத்துக்கொண்டால் இடுப்பு நோவு தணியும்.

இனி, சகோதரியின் வினாவுக்கு வருவோம். இரைப்பை பெரும்பாலும் வயிற்றின் இடப்பக்கம் அமைந்துள்ளது. இடப்புறமாகப் படுக்கையில் அமிலம் இரைப்பைக்குள் தாழ்ந்து நிற்க, உணவுக்குழாயின் வாய் மேலே இருக்கும். வலப்புறம் படுத்தால் அமிலம் எளிதாக மேலேறும். டாக்டரின் ஆலோசனைக்குக் காரணம் இதுவே.

28 வாரங்களுக்குப் பின் மல்லாந்து படுப்பதைத் தவிர்த்து, ஏதேனும் ஒரு பக்கமாகவே உறங்கச் செல்ல வேண்டும். கருப்பையின் பாரம் இதயத்துக்கு இரத்தம் கொண்டு செல்லும் பெருநாளத்தை அழுத்துவதே இதற்குக் காரணம். விழிக்கும்போது மல்லாந்திருக்கக் கண்டால் அஞ்ச வேண்டாம்; திரும்பிப் படுத்தால் போதும்.

இன்ஷா அல்லாஹ், குழந்தை பிறந்ததும் ஓராண்டு நிறையும்வரை அதை மல்லாத்தியே உறங்க வையுங்கள். பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் இவ்வறிவுரை பரப்பப்பட்ட பின், உறக்கத்தில் நேரும் திடீர்ச் சிசு மரணங்கள் பெருமளவு குறைந்தன.

மூலநோயால் அவதியுற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க இயலாவிடில் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழ நபி (ஸல்) அவர்கள் அனுமதி அளித்தார்கள். ஃபர்ளான தொழுகையிலேயே இத்தனை இலகு தந்த மார்க்கம், நோயுற்றவரின் உறக்கத்தில் சிரமத்தை விதிக்குமா?

சகோதரியே! ஒளூவுடன் வலப்புறமாகச் சாய்ந்து துஆவை ஓதிக்கொள்ளுங்கள். பின்னர் இடப்புறம் திரும்பி நிம்மதியாக உறங்குங்கள். மாமியிடமும் இதனை அன்போடு எடுத்துச் சொல்லுங்கள். சுகப் பிரசவத்தையும் ஸாலிஹான குழந்தையையும் வல்ல அல்லாஹ் உங்களுக்கு அருள்வானாக! ஆமீன்.