படிவத்தில் இல்லாத கேள்வி

முனைவர் பட்ட ஆய்வுக்காக, தமிழ்நாட்டில் உள்ள இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தேன். கையில் நாற்பதுக்கும் மேற்பட்ட கேள்விகள் கொண்ட படிவம். எந்த ஆண்டு வந்தீர்கள், எங்கிருந்து படகேறினீர்கள், வீட்டில் எத்தனை பேர், திரும்பிப் போக விருப்பமா? எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்ன ஓர் அம்மா, கடைசியில் என்னிடம் கேட்டார்: “ஏன் தம்பி, கல்யாணம் பேச வர்றவங்க மொதல்ல சாதியத்தானே கேக்குறாங்க. நீங்க மட்டும் ஏன் கேக்கல?”

என்னிடம் பதில் இல்லை. படிவத்தின் முதல் வரைவில் அந்தக் கேள்வி இருந்தது. “அகதிக்கு ஏது சாதி? தலைப்பை விட்டு விலகாதீர்கள்” என்று துறையில் சொன்னார்கள். நானும் எடுத்துவிட்டேன். அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

புலம்பெயர்வும் தஞ்சமும் இன்று பல்கலைக்கழகங்களில் தனித் துறையாக வளர்ந்துவிட்டன. ஆக்ஸ்போர்டில் 1982இலேயே அகதிகள் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்தத் துறை பேசும் மொழி பெரும்பாலும் 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையிலிருந்து வந்தது. இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து என்ற ஐந்து காரணங்களால் துன்புறுத்தலுக்கு அஞ்சி நாட்டைவிட்டு வெளியேறியவரே அந்த உடன்படிக்கையின்படி அகதி. இந்த ஐந்தில் சாதி என்ற சொல் இல்லை. பிறப்பு வழிப் பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று ஐ.நா.வின் இனப் பாகுபாடு ஒழிப்புக் குழு பொது விளக்கம் தந்தது 2002இல். அதற்கு முந்தைய ஆண்டு டர்பன் மாநாட்டில், சாதியைப் பற்றிப் பேசவே கூடாது என்று நின்றது இந்திய அரசு. அந்த உடன்படிக்கையில் இந்தியா இன்றுவரை கையெழுத்திடவும் இல்லை. ஆனால் அதில் உள்ள வரையறையை நம் ஆய்வேடுகள் அப்படியே எடுத்துக்கொள்கின்றன. சாதி விடுபட்டதையும் சேர்த்தே எடுத்துக்கொள்கின்றன.

இதனால் என்ன மறைகிறது என்பதற்கு மண்டபம் ஒன்றே போதும். ஈழ அகதிகளின் முகாம் என்றுதான் இன்று அதை அறிகிறோம். அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பு, தோட்ட வேலைக்குப் போகும் கூலிகளைத் தடுத்துவைத்து நோய் சோதித்து அனுப்ப இலங்கை அரசு நடத்திய முகாமும் அங்கேதான் இருந்தது. கங்காணியின் முன்பணத்துக்கும் கடன் துண்டுக்கும் கட்டுப்பட்டு அந்த வழியே போனவர்களில் மிகப் பெரும் பகுதியினர் பள்ளர், பறையர், அருந்ததியர். நிலமற்றவர்கள். சேரியிலிருந்து லயத்துக்குப் போனவர்கள்.

அவர்கள் உழைத்த நாடு 1948இல் சட்டம் போட்டு அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. 1977, 1983 வன்முறைகளுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வன்னிக்குப் போனவர்கள், அங்கும் போர் துரத்தியபோது படகேறினார்கள். தாத்தா கூலியாகப் போன கடல்வழியே பேரன் அகதியாக வந்தான்.

இவர்களை ‘இலங்கைத் தமிழ் அகதி’ என்ற ஒரே கட்டத்தில் அடைப்பது வெறும் சோம்பேறித்தனம் அல்ல. அதனால் உரிமை பறிபோகிறது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளோடு நின்றுவிட்டது. இலங்கையிலிருந்து வந்தவர்கள் அதில் இல்லை. முகாமில் உள்ள இந்திய வம்சாவளியினர் தொடுத்த வழக்கில், அவர்களின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கும்படி 2019 ஜூனில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை சொன்னது. அப்படிப்பட்ட வழக்கில் வெல்ல எது வேண்டும்? தாத்தாவின் ஊர், கப்பலேறிய காலம், தோட்டத்தின் பெயர். இவற்றைத் தேடித் தொகுக்க வேண்டிய பல்கலைக்கழகமோ “மனநிறைவு உள்ளதா? ஆம் / இல்லை” என்று கேட்டுக்கொண்டிருக்கிறது.

அந்த அம்மா சொன்ன பூர்வீக ஊர், என் அம்மாச்சியின் ஊருக்குப் பக்கத்தில்தான். சாதியும் ஒன்றே. பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய உதவித்தொகையில் நான் ஆய்வு செய்கிறேன். முகாமில் பிறந்து பட்டம் முடித்த அவர் மகளுக்குச் சாதிச் சான்றிதழ் இல்லை. எனவே இட ஒதுக்கீடும் இல்லை. குடியுரிமை இல்லாததால் அரசு வேலைத் தேர்வும் எழுத முடியாது. என் பாட்டன் ஊரிலேயே இருந்தார், அவர் பாட்டன் போனார். எங்களுக்குள் வேறுபாடு இவ்வளவுதான். ஆனால் நான் கேள்வி கேட்பவன், அவர் விடை சொல்பவர்.

முகாமில் சாதியைக் கேட்டால் ஒற்றுமை கெடும் என்கிறார்கள் சில தோழர்கள். பெண் கொடுக்கும்போதும் எடுக்கும்போதும் கெடாத ஒற்றுமை, ஆய்வாளன் கேட்டால் மட்டும் கெடுமா? இன்னொரு அச்சம் நியாயமானது. மாவட்ட ஆட்சியர் அனுமதியும் கியூ பிரிவின் கண்காணிப்பும் உள்ள இடத்தில், எழுதி வைக்கும் எதுவும் பட்டியலாக மாறலாம். அதற்காகக் கேள்வியையே கைவிட வேண்டியதில்லை. விரும்பினால் மட்டும் சொல்லட்டும், பெயரையும் முகாமையும் மறைப்போம், மூலப் படிவத்தை எந்த அலுவலகத்துக்கும் தர மாட்டோம் என்று எழுதிக் கொடுப்போம். அதிகாரி பக்கத்தில் நிற்கும்போது எடுத்த பேட்டியைத் தரவு என்று சொல்வதையும் நிறுத்துவோம்.

பல்கலைக்கழகங்களுக்கு என் கோரிக்கைகள் மூன்று. மலையக வம்சாவளியையும் சாதியையும் தனித்தனியே பதியாத முகாம் ஆய்வுகளை முழுமையானவை என்று ஏற்காதீர்கள். ஆய்வின் முடிவுகளைத் தமிழில் அந்த மக்கள் கையில் கொடுத்த பிறகே பட்டம் கொடுங்கள். முகாம் மாணவர்களுக்கு ஆய்வுப் படிப்பில் தனி இடங்களும் உதவித்தொகையும் ஒதுக்குங்கள். 2021இல் தமிழ்நாடு அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. பெயர் மாறியது நல்லதே. அங்கே பிறந்த ஒரு பெண் படிவத்தோடு நம் வீட்டுக் கதவைத் தட்டும் நாளும் வர வேண்டும்.

என் படிவத்தை மாற்றிவிட்டேன். முடித்த வீடுகளுக்கெல்லாம் மறுபடியும் போகிறேன். ஆய்வு ஓராண்டு தள்ளிப்போகும். போகட்டும்.