கிராணி கணக்கே வரலாறு என்னும் வாத்தியாருக்கு

நீண்ட பள்ளி விடுமுறையில் படிவம் நான்கு, ஐந்து பிள்ளைகள் கையில் நாவல்களைக் கொடுத்துத் தோட்டத்து வரலாற்றைப் படிக்க வைக்கலாம் என்ற யோசனைக்கு, ஈப்போவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் கொதித்தெழுந்து பதில் எழுதியிருக்கிறார். நாவல் கற்பனையாம், வரலாறு ஆவணமாம். கலந்தால் பிள்ளைகள் குழம்புவார்களாம். புள்ளியும் கிடைக்காதாம். அழுகைக் கதை படித்தால் தாழ்வு மனப்பான்மை வேறு வந்துவிடுமாம். பிள்ளைகளை பத்து காஜாவிலுள்ள கெல்லி கோட்டைக்குக் கூட்டிப்போய் உண்மையான வரலாற்றைக் கண்ணால் பார்க்கச் செய்யுங்கள் என்று முடிக்கிறார்.

சரி, கோட்டைக்கே போவோம். அங்கே யாருக்கெல்லாம் பெயர் இருக்கிறது? ஸ்காட்லாந்திலிருந்து வந்த வில்லியம் கெல்லி ஸ்மித்துக்குப் பெயர் உண்டு. மனைவி ஆக்னஸ், மகள் ஹெலன், மகன் ஆன்டனி, எல்லோருக்கும் உண்டு. 1915ல் வேலை தொடங்கியது, 1926ல் லிஸ்பனில் அவர் செத்துப்போனார், கட்டடம் பாதியில் நின்றது. தேதிகள் சுத்தமாக இருக்கின்றன. மின்தூக்கிக்கு விட்ட இடம்கூட அடையாளம் காட்டப்படுகிறது. செங்கல் சுமந்த தமிழர்களுக்கு? முதல் உலகப்போர் முடியும் நேரத்தில் வந்த விஷக்காய்ச்சலில் அவர்களில் பலர் செத்தார்கள் என்று ஒரு வரி. அவர்களுக்காக ஸ்மித் மாரியம்மன் கோயில் கட்டிக் கொடுத்தார் என்று இன்னொரு வரி. அந்தக் கோயில் கூரையில் சாமிகளோடு சாமியாகத் துரையின் சிலையும் நிற்கிறது. கோட்டு போட்ட துரையை மாரியம்மன் தலைக்குமேல் ஏற்றிவைத்தவன் பயந்து செய்தானா, நன்றிக்குச் செய்தானா, உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே செய்தானா? வாத்தியாரின் ஆவணத்தில் இதற்குப் பதில் கிடையாது. அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவன் நாவலாசிரியன் ஒருவன்தான்.

ஆவணம் ஆவணம் என்று மூச்சுக்கு முந்நூறு தரம் சொல்கிறாரே, தோட்டத்தில் ஆவணம் எழுதியது யார் என்று ஒரு தடவையாவது யோசித்தாரா? பெரட்டுக் களத்தில் விடியுமுன் பெயர் கூப்பிட்டுச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் கோடு போட்டவர் தோட்டத்து எழுத்தரான கிராணி. அவர் எழுதியது துரைக்காக. ஒரு பெண்ணுக்கு அரைநாள் சம்பளம் பிடித்தால், பிடித்தது பதிவாகும். மழையில் மங்குப் பால் நீர்த்துப்போனதா, ஆயாக்கொட்டகையில் விட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நிரையைப் போட்டுவிட்டு ஓடினாளா, மேற்பார்க்கும் மண்டோருக்கு அவள்மேல் வேறு கோபமா என்பது பதிவாகாது. செக்ரோல் பொய் சொல்வதில்லை, ஒப்புக்கொள்கிறேன். கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்வதுமில்லை.

அந்தக் கணக்கும் இல்லாமல் போன காலம் ஒன்று உண்டு. 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வந்து இறங்கியதும் துரைமார் தோட்டங்களைப் போட்டது போட்டபடி ஓடினார்கள். 1942ல் சயாம்–பர்மா ரயில் பாதை வேலை தொடங்கி, 1943 அக்டோபரில் 415 கிலோமீட்டரும் முடிந்தது. தோட்டத்துத் தமிழர்களை முதலில் ஆசை காட்டியும், பிறகு பிடித்தும் லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 நேசநாட்டுக் கைதிகள் வரிசை வரிசையாகக் கிடக்கிறார்கள். புல் வெட்டி, பெயர்ப்பலகை துடைத்து வைத்திருக்கிறார்கள், நல்ல காரியம். நம்மவர்கள் எத்தனை பேர் செத்தார்கள்? தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர் எல்லாரையும் சேர்த்து எழுபதாயிரம் என்பார் ஒருவர், லட்சம் என்பார் இன்னொருவர். இரண்டு மதிப்பீட்டுக்கும் நடுவே முப்பதாயிரம் உயிர்கள் கணக்கில்லாமல் நிற்கின்றன. இதுதான் வாத்தியார் பிள்ளைகளை நம்பச் சொல்லும் ஆவணத்தின் லட்சணம்.

இந்த ஓட்டையில்தான் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவல் வந்து நிற்கிறது. அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ வந்து நிற்கிறது. ரெங்கசாமி 1930ல் பிறந்தவர். ஜப்பான் காலத்தைப் பையனாக இருந்து பார்த்தவர். கல்லறைப் பலகையில் பெயர் இல்லாதவனுக்கு இவர்கள் ஒரு பெயர் வைத்து, பெண்டாட்டி பிள்ளை கொடுத்து, வாந்திபேதி முகாமுக்குள் அனுப்பிப் பார்த்தார்கள். வைத்த பெயர் கற்பனைதான். வாந்திபேதி கற்பனையா? மரவள்ளிக்கிழங்கையே தின்று, கோணிச்சாக்கைச் சுற்றிக்கொண்டு, செல்லாமல்போன ஜப்பான்காரனின் வாழைமரப் பணத்தாளைப் பெட்டியில் பூட்டிவைத்துப் புருஷனுக்காகக் காத்திருந்த பெண்கள் கற்பனையா? ஈப்போ புந்தோங்கில் வயதானவர்கள் யாரிடமாவது வாத்தியார் கேட்டுப் பார்க்கட்டும். சாமோரிலிருந்தும் சுங்கை சிப்புட்டிலிருந்தும் தோட்டம் விட்டு வந்த குடும்பங்கள் அங்கே இல்லாமலா போய்விட்டன?

நாவல் பொய்யும் சொல்லும் என்கிறார். சொல்லும், யார் மறுத்தது? அமெரிக்காவையே உதாரணம் காட்டியிருக்கிறார்: 1936ல் வந்த ‘கான் வித் த விண்ட்’ படித்துத்தானே ஒரு தலைமுறை அடிமைத் தோட்டத்தைச் சொர்க்கமாக நினைத்தது என்று. மிகச் சரி. ஆனால் பாதிக் கதையோடு நிறுத்திக்கொண்டார். பிடித்துக்கொண்டு போக வந்தவர்கள் கண்ணெதிரே தன் பிள்ளையைக் கொன்ற மார்கரெட் கார்னர் என்ற அடிமைப்பெண்ணைப் பற்றி 1856ல் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின, வழக்கும் நடந்தது. வாத்தியார் கேட்கும் ஆவணம் எல்லாம் அப்போதே இருந்தது. அந்தத் தாயின் மண்டைக்குள் என்ன ஓடியிருக்கும் என்று கேட்க 1987ல் டோனி மாரிசன் ‘பிலவட்’ எழுத வேண்டியிருந்தது. ஒரே விடுமுறையில் இரண்டையும் அடுத்தடுத்துப் படித்த பிள்ளையை எந்த நாவலும் ஏமாற்ற முடியாது.

நம் கதையிலும் இந்த ஜோடி உண்டு. அதே ரயில் பாதையின் குவாய் நதிப் பாலத்தை நாவலாக எழுதிய பியர் பூல் யார் தெரியுமா? மலாயா ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்த பிரெஞ்சுக்காரர். பால் சீவிய தமிழரைத் தினமும் பார்த்திருப்பார். ஆனால் 1952ல் எழுதிய கதைக்கு நாயகன் ஒரு பிரிட்டிஷ் கர்னல். 1957ல் படம் வந்து ஏழு ஆஸ்கார் வாங்கியது. படத்தில் தோட்டத்துத் தமிழனைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடலாம். பிள்ளைகள் படத்தைப் பார்க்கட்டும், பிறகு ‘நினைவுச்சின்ன’த்தைப் படிக்கட்டும், அப்புறம் படிவம் நான்கு பாடநூலில் ஜப்பானிய ஆட்சி அத்தியாயத்தை எடுக்கட்டும். எதில் யார் விடுபட்டார்கள் என்று அவர்களே ஒரு தாளில் எழுதிவிடுவார்கள். வரலாற்று ஆய்வு என்பதற்கு வாத்தியார் அகராதியில் வேறு ஏதும் பொருள் இருந்தால் சொல்லட்டும்.

பேராக்கிலிருந்தே இன்னொன்று. 1948 ஜூன் 16, சுங்கை சிப்புட். எல்ஃபில் தோட்டத்தில் ஒருவர், ஃபின் சூன் தோட்டத்தில் இருவர் என மூன்று வெள்ளைக்காரத் துரைகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டார்கள், அவசரகாலம் வந்தது. தேர்வுக்கு இது போதும். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் தொழிலாளிகளை முள்வேலிக்குள் அடைத்து, அரிசியை அளந்து கொடுத்து, வேலைக்காட்டுக்குப் போகிறவனின் சோற்றைக்கூடச் சந்தேகப்பட்டார்களே? தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியை 1949 மே மாதம் தூக்கிலிட்ட செய்தி லயத்துக்குள் எப்படிப் பேசப்பட்டிருக்கும்? ரெங்கசாமியின் ‘லங்காட் நதிக்கரை’ சிலாங்கூர்க் கதைதான். ஆனாலும் கம்யூனிஸ்ட், அரசாங்கம் என்ற இரண்டு துப்பாக்கிக்கும் நடுவில் சிக்கியவன் பயம் என்னவென்று அதில் தெரியும். அகிலனின் ‘பால்மரக்காட்டினிலே’யையும் சேர்த்துக்கொள்ளலாம், வந்து பார்த்துப்போன விருந்தாளியின் கண் அது என்ற நினைப்போடு.

புள்ளி விஷயத்துக்கு இரண்டு வரி போதும். 2013லிருந்து எஸ்பிஎம் தேர்வில் வரலாறு தேறாவிட்டால் சான்றிதழே இல்லை. ஆண்டும் பெயரும் மனப்பாடம் செய்து மறுநாளே மறக்கும் பிள்ளையைவிட, அந்த ஆண்டில் வாழ்ந்த மனிதன் ஒருவனை மனதில் வைத்திருக்கும் பிள்ளை நன்றாக எழுதுவான் என்பது வகுப்பில் நின்று பாடம் நடத்திய எவருக்கும் தெரியும்.

கடைசியாகத் தாழ்வு மனப்பான்மை. இதில்தான் வாத்தியாரின் பூனைக்குட்டி வெளியே வருகிறது. பிரீத்தா சமரசன் பத்து காஜாவில் பிறந்து ஈப்போவில் வளர்ந்தவர். 2008ல் வந்த அவர் ஆங்கில நாவல் ‘ஈவினிங் இஸ் த ஹோல் டே’, ஈப்போவில் பெரிய வீட்டில் வசிக்கும் ஒரு தமிழ் வழக்கறிஞர் குடும்பத்தைப் பற்றியது. அந்த வீட்டு வேலைக்காரப் பெண் செல்லம். வீட்டில் நடந்த பழி அவள் தலையில் விழுகிறது. 1980ல் அவமானப்படுத்தி வீட்டைவிட்டு அனுப்புகிறார்கள். அனுப்புகிறவன் ஜப்பான்காரனும் இல்லை, வெள்ளைக்காரத் துரையும் இல்லை. நம்மவர்கள். படித்தவர்கள். நிறைய பேசத் தெரிந்தவர்கள். தோட்டத்துப் பேரப்பிள்ளை இதைப் படித்தால் ஏன் தாழ்வு மனப்பான்மை வரவேண்டும்? சங்கடப்பட வேண்டியவர்கள் வேறு வீட்டில் இருக்கிறார்கள்.

இந்த நாவல் கடுமையானது, படிவம் ஐந்துக்குக் கீழே கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. பிள்ளைகளுக்கு முன்னால் வாத்தியார் ஒருமுறை படித்துவிடட்டும். கோட்டைக்குப் போகும் நேரம் மிச்சம்.