குருதி கசியும் குடலும் உறையும் சிரையும்

பிரெஞ்சு மருத்துவர் ஆர்மான் ட்ரூசோ 1865-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். காரணம் தெரியாமல் கையிலோ காலிலோ சிரை வீங்கிக் குருதி உறைந்து, ஓரிடத்தில் தணிந்து வேறிடத்தில் தலைகாட்டினால் உள்ளே எங்கேனும் புற்று ஒளிந்திருக்கலாம் என்பதே அது. பின்னர் அதே அறிகுறி அவர் உடலிலேயே தோன்றிற்று. 1867-இல் இரைப்பைப் புற்றால் மறைந்தார். நாவலில் இப்படியொரு முடிவு வந்திருந்தால் செயற்கை என்று நாமே ஒதுக்கியிருப்போம்!

வயிற்று நோயும் சிரையும் இவ்வாறு உறவு கொண்டிருப்பதை நம்மில் பலர் அறியோம். க்ரோன் நோய் போன்ற நாட்பட்ட குடல் அழற்சி உள்ளோர்க்குச் சிரையில் குருதி உறையும் வாய்ப்பு பிறரைவிட இரண்டு மூன்று மடங்கு. அழற்சி மிகுந்து மருத்துவமனையில் படுத்திருக்கும் நாட்களில் அது மேலும் கூடும். காலில் உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

கல்லீரல் இறுகியோர் நிலை இன்னும் விந்தையானது. குருதியை உறையச் செய்யும் புரதங்களையும், உறையாமல் தடுக்கும் புரதங்களையும் ஈரலே ஆக்குகிறது. ஈரல் கெட்டால் இரண்டும் குறையும். முன்பு மருத்துவர்களே முதற்பாதியை மட்டும் கருதி, இந்நோயாளிக்குக் குருதி உறையாது என்று நம்பினர். அந்நம்பிக்கை இன்று கைவிடப்பட்டுவிட்டது. பரிசோதனைச் சீட்டில் உறையும் நேரம் நீண்டிருப்பினும், குடலிலும் மண்ணீரலிலுமிருந்து குருதியைத் திரட்டி ஈரலுக்குக் கொணரும் போர்ட்டல் சிரையில் கட்டி உண்டாகலாம். ஈரல் பெறும் குருதியில் ஏறத்தாழ முக்கால் பங்கு அவ்வழியே வருவது.

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. மலத்தில் குருதி போகும் நோயாளிக்கு ஹெப்பாரின் ஊசி எழுதப்படுகிறது. "ஏற்கெனவே இரத்தம் போய்க்கொண்டிருக்கிறது, இதில் உறையாமல் இருக்க வேறு ஊசியா?" என்று வீட்டார் பதறுகிறார்கள். சிலர் வேண்டாமென்றே சொல்லிவிடுகிறார்கள். அவர்களைப் பாமரர் என்று எள்ளுவதில் நமக்கு உடன்பாடில்லை. அக்கேள்வி முற்றிலும் நியாயமானது. விடை சொல்லப்படாததே குறை.

விடையும் கடினமானதன்று. குடல் அழற்சியில் மிதமாகக் கசியும் குருதியைவிட, உறைந்து நுரையீரலை அடைக்கும் குருதி கொடியது. பெருக்கு கடுமையாயின் மருத்துவர் ஊசியை நிறுத்துவார். ஈரல் நோயாளிக்காயின் உணவுக்குழலில் புடைத்த சிரைகளை முதலில் எண்டாஸ்கோப்பியில் பார்த்து, வேண்டுமானால் வளையமிட்டுக் கட்டியோ மாத்திரை தந்தோ காப்புச் செய்வார். உறைவைத் தடுக்கும் மருந்தைப் பற்றி முடிவெடுப்பது அதையும் எடைபோட்டுத்தான்.

இவ்வளவையும் நல்ல தமிழில் சொல்ல ஐந்து நிமிடம் போதும். நோயாளியின் உறவினரிடம் கையொப்பத்துக்கு நீட்டும் தாளிலேயே எழுதிவிடலாம். பல மருத்துவமனைகளில் அந்தத் தாள் இன்னமும் ஆங்கிலத்தில் இருக்கிறது.